பச்சைப் பொட்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் கைப்பேசி முதல் முறை அடித்திருக்கிறது. நான் பார்த்தது பதினொன்று ஐம்பதுக்கு. இடையில் இருந்த அரை மணி நேரமும் ஏழு ஆண்களுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதிச் சரக்கைப் பெட்டிகளில் அடைத்து, ட்ரெய்லரில் ஏற்றி, துறைமுகத்துக்கு அனுப்பும் இடம். பதினாறு வருடமாக வருகைப் பதிவு, விடுப்பு, சீருடை, விபத்து அறிக்கை எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். போன வருடத்திலிருந்து பணியாளர் மன அழுத்தமும் என் பொறுப்பில் சேர்ந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கூடவே ஒரு பயிற்சிக் கையேடு, ஒரு இரும்புப் பலகை, ஒரு டப்பா நிறையக் காந்த வில்லைகள். ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எதிரே ஒரு வில்லையை ஒட்ட வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், முடியவில்லை என்றால் சிவப்பு. எங்கள் ஆட்கள் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் வாரத்தில் ஒரு கிரேன் ஆபரேட்டர் சிவப்புப் பொட்டு வைத்தார். சுற்றறிக்கையில் சொல்லியிருந்தபடி அவரை உடனே இயந்திரத்திலிருந்து இறக்கி, தகுதிச் சான்று வாங்கி வரும்படி மருத்துவரிடம் அனுப்பினேன். மருத்துவர் ஊரில் இல்லை. மூன்று நாள் அவர் கேன்டீன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் ‘இன்னா மாமு, மெண்டலாயிட்டியாமே’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் சான்றோடு வந்து பச்சை வைத்தார். அதன் பிறகு அந்தப் பலகையில் பச்சையைத் தவிர வேறு நிறத்தை நான் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் அதைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். ‘சிறப்பு’ என்று பதில் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் பலகை முழுக்கப் பச்சைதான்.

“மூக்கு வழியா இழுங்க. நாலு வரைக்கும் எண்ணுங்க. மெதுவா விடுங்க.”

“இந்த யார்டுல மூக்கு வழியா இழுத்தா நெலக்கரித் தூள்தான் மேடம் உள்ள போவும். வாய் வழியா இழுத்துக்கறேன், கேன்டீன்ல போண்டா போடறான்.”

“அவன வுடுங்க மேடம். அவன் வூட்டுக்காரி அம்மா வூட்டுக்குப் போயிருக்கு. அவனுக்கு இன்னா ஸ்ட்ரெஸ்ஸு? ரெண்டு பச்சைப் பொட்டு வெச்சு அனுப்புங்க.”

நானும் சிரித்தேன். நன்றாகப் போன வகுப்பு அது. முடித்துவிட்டு அறைக்கு வந்தபோதுதான் மேஜை இழுப்பறையில் சத்தமில்லாமல் வைத்திருந்த கைப்பேசியை எடுத்தேன். தெரியாத எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள், ஒரு செய்தி. ‘மேடம், உங்கள் மகள் விஷயமாக. உடனே கூப்பிடவும்.’

கூப்பிட்டேன். எடுத்தவர் என் மகள் வேலை செய்யும் அலுவலகத்தின் மேலாளர்.

“மேடம், பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாங்களா?”

“நான் ஆபீஸ்ல இருக்கேன் சார். ஏன், அவ அங்க இல்லையா?”

“காலைல வந்தாங்க. ஒன்பதே முக்காலுக்கு எழுந்து போனாங்க. டீ குடிக்கத்தான் போறாங்கன்னு நெனச்சோம். இன்னும் வரல. போன் ஸ்விட்ச் ஆஃப். ஐடி கார்டைக் கழட்டி டேபிள் மேல வெச்சிட்டுப் போயிருக்காங்க, அதான்...”

ஐடி கார்டு என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு, ராயபுரத்தில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு, எந்த ட்ரெய்லரில் போகிறது என்று படிவம் போட்டு, அந்தத் தாளை ட்ரெய்லர் டிரைவர் கையில் சேர்ப்பது அவளுடைய வேலை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நேரக் கெடு உண்டு. அதற்குள் பெட்டி துறைமுக வாசலைத் தாண்டாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். கட்-ஆஃப் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு வருடமாகச் சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், பூசைக்குப் போகும் நேரம் எல்லாமே யாரோ ஒரு கப்பலின் கட்-ஆஃபை ஒட்டித்தான் நடந்துகொண்டிருந்தன. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும் வரிசையில் நின்றபடி அவள் கைப்பேசியைப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவளைத் திட்டவும் செய்தேன், கோயிலில் என்ன போன் என்று. போனில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை.

என் கணவர் சரக்கு ரயிலில் கார்டாக வேலை பார்க்கிறார். அன்று கூடூர் பக்கம் போயிருந்தார். இரண்டு முறை அடித்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. பிறகு விட்டுவிட்டேன். கிடைத்தாலும் ரயிலை நிறுத்திவிட்டு இறங்கி வர முடியாது.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எங்கள் வாசல் செக்யூரிட்டிக்கு அறுபதை நெருங்கும் வயது. இருபத்தைந்து வருடம் ட்ரெய்லர் ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போனதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

சொன்னேன். இரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பேன்.

அவர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கூட இருந்தவரிடம் வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தன் மொபெட்டை எடுத்தார். “குந்து மேடம். ஆட்டோவ நம்பினா டோல்கேட்டாண்டயே நின்னுனு இருப்ப.”

பின்னால் உட்கார்ந்து போகும்போது எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி என் நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் மிஞ்சிய காந்த வில்லைகளை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். பால் கணக்குச் சீட்டை ஒட்டி வைக்க உதவும் என்றுதான். மகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “எனக்கும் ஒரு பொட்டு குடும்மா, நானும் ஸ்டாஃப்தான” என்றாள். அன்றிலிருந்து தினமும் கிளம்பும்போது குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு பச்சை வில்லையைத் தட்டி ஒட்டிவிட்டுப் போவாள். மாலையில் வந்ததும் எடுத்துவிடுவாள். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. அன்று காலை எட்டேகாலுக்கும் அந்தத் தட்டல் சத்தத்தை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டதே போதுமாக இருந்தது.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது. செக்யூரிட்டியின் தோளை இறுக்கிப் பிடித்தேன். அவர் வண்டியை இன்னும் கொஞ்சம் விரட்டினார்.

அலுவலகம் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. நான்கு மேஜைகள். சுவரில் சிரித்த முகம் போட்ட ஒரு படம், அதற்குக் கீழே ‘அமைதியே திறமை’ என்ற வாசகம். மேலாளருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மேஜையில் வயிற்றெரிச்சல் மாத்திரைப் பட்டை பாதி பிய்க்கப்பட்டுக் கிடந்தது. பேசப் பேச அவருடைய கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் இடது கண்ணிமை துடித்தது. அவரை நான் வெறுக்க நினைத்துத்தான் படியேறினேன். அந்தக் கண்ணிமையைப் பார்த்த பிறகு அதுவும் சரியாக முடியவில்லை.

“உக்காருங்க மேடம். நான் ஒண்ணுமே சொல்லல. கத்தக்கூட இல்ல. எங்க ஆபீஸ்ல யாரும் யார்கிட்டயும் கத்தக் கூடாதுன்னு ரூலே வெச்சிருக்கோம்.”

“அப்புறம் ஏன் போனா?”

“சின்ன மிஸ்டேக். ஒரு பாக்ஸ் ஹார்பர் கேட்லேர்ந்து திரும்பி வந்துடுச்சு. அந்த மாதிரி நடந்தா யாரால நடந்துச்சோ அவங்க ஒரு வாய்ஸ் நோட் போடணும். ‘இது என் தவறு, இனி நடக்காது’ன்னு. சொந்தக் குரல்ல, பேரோட. குரூப்ல கிளையன்ட்டும் இருப்பாங்க, ட்ரான்ஸ்போர்ட்காரங்களும் இருப்பாங்க. கத்தறதுக்குப் பதிலா இது. பொறுப்பு வரும் மேடம். நீங்களும் இதே லைன்தான, உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். தவறை ஏற்றுக்கொள்வது பற்றி எங்கள் கையேட்டில் ஒரு அத்தியாயமே இருக்கிறது.

“எத்தனை பேர் இருக்காங்க அந்த குரூப்ல?”

அவர் எண்ணிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பார்த்துவிட்டு, “நூத்துச் சொச்சம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தப்பா எடுத்துக்காதீங்க. வேற ஏதாவது விஷயம் இருக்குமோ? ஃப்ரெண்டு, அந்த மாதிரி யாராச்சும்...” என்று இழுத்தார்.

“அப்படி யார்கூடவாவது போறவ, உங்க பாக்ஸ் திரும்பற வரைக்கும் காத்திருந்தா போவா?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் ஒரு மாத்திரையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. என் மகளுக்குப் பக்கத்து மேஜையில் உட்காரும் பெண். மேலே பார்த்துவிட்டு வேகமாகப் பேசினாள்.

“ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமையும் அவதான் வந்தா. மூணு பேர் வேலைய ஒருத்தியா பாத்தா. அதுல ரெண்டு வண்டியோட பேப்பர் மாறிடுச்சு. இந்த வண்டி பேப்பர் அந்த டிரைவர்கிட்ட, அந்த வண்டி பேப்பர் இந்த டிரைவர்கிட்ட. ஒரு வண்டிய வழியிலயே புடிச்சு மாத்திட்டோம். இன்னொண்ணு ஒரு நாள் முழுக்க ஹார்பர் லைன்ல நின்னு, நேத்து மத்தியானம் கேட்டுக்குப் போய், திருப்பி அனுப்பிட்டாங்க. கப்பலும் போயிடுச்சு.”

“அதுக்குத்தான் வாய்ஸ் நோட்டா?”

“இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள போடணும்னு சொல்லிட்டாரு. எட்டு வாட்டி ரெகார்ட் பண்ணா ஆன்ட்டி. நான் பக்கத்துலதான் இருந்தேன். ‘இது என்’ வரைக்கும் வருது, அப்புறம் குரல் நின்னுடுது. சிரிக்கக்கூட செஞ்சா, ‘எனக்கு ஆக்டிங் வரல’ன்னு. அப்புறம் அடுத்த கப்பலுக்குப் புதுப் பேப்பர் பிரிண்ட் எடுத்தா. அத டிரைவர்கிட்ட குடுக்க மத்தியானம்தான் ஆள் போவாரு. இப்ப பாத்தா அந்தப் பேப்பரும் இல்ல, அவளும் இல்ல.”

ஒரு துண்டுச் சீட்டில் அந்த ட்ரெய்லரின் எண்ணை எழுதி என் கையில் வைத்துவிட்டு மேலே ஓடினாள்.

அந்தப் படிக்கட்டில் நின்றபோதுதான் முந்தைய நாள் மாலை எனக்கு முழுதாகத் திரும்பி வந்தது. நான் மத்தி மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மகள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, “அம்மா, ஒருத்தரால ஒரு லாரிக்காரர் ரெண்டு நாள் வீணா நின்னுட்டாருன்னா, அந்த ஒருத்தர் என்ன பண்ணணும்?” என்று கேட்டாள்.

யார் அந்த ஒருத்தர் என்று நான் கேட்கவில்லை. என் கிடங்கில் நடந்த ஏதோ ஒன்றைப் பற்றிக் கேட்கிறாள் என்பதுபோல் பதில் சொன்னேன். “பாதிக்கப்பட்டவங்ககிட்ட நேர்ல போய் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா பாதி பாரம் இறங்கிடும்.” கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம். ஏழெட்டு வகுப்புகளில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது.

“இறங்கலன்னா?”

“அதெல்லாம் இறங்கும். அந்த மஞ்சத்தூள எடு.”

எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

செக்யூரிட்டியிடம் சீட்டைக் காட்டி, அவள் அந்த டிரைவரைத் தேடித்தான் போயிருப்பாள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “நேத்து மத்தியானம் திரும்பின வண்டின்னா லைனுக்குக் கடைசிக்குப் போயிருக்கும். இப்ப நம்ம ஊர் தாண்டி, பீச் ரோட்டுல எங்கியாச்சும் நிக்கும்.”

அதாவது நாங்கள் உள் சாலையில் தெற்கே ராயபுரத்துக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் கடலோரச் சாலையில் வடக்கே போயிருக்கிறாள். நடுவில் சில தெருக்கள்தான்.

கடலோரச் சாலை என்றால் ஒரு பக்கம் வீடுகள், நடுவில் துறைமுக வாசலுக்காகக் காத்து நிற்கும் ட்ரெய்லர் வரிசை, மறுபக்கம் அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிவைத்த கருங்கற்கள், அதற்கப்பால் கடல். இதை எழுதும்போதுகூட அந்தக் கற்களைப் பற்றி எழுதும் இடத்தில் கை நின்றுவிடுகிறது.

காசிமேட்டில் கடலோரச் சாலைக்கு வந்து சேர்ந்தோம். நான் வரிசையோடு போய்த் தேடுகிறேன் என்றேன். செக்யூரிட்டி விடவில்லை.

“ஆறு கிலோமீட்டர் கீது லைனு. வண்டிக்கு இந்தப் பக்கமா நீ போவ, அந்தப் பக்கமா அது வரும். ரெண்டு பேரும் பாக்காமயே போயிடுவீங்க. இங்கயே நில்லு. லைன்ல சொல்லி அனுப்பறேன்.”

என்னிடம் அவளுடைய அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு, வரிசையில் நின்ற ஒரு ட்ரெய்லருக்குப் பக்கத்தில் போனார். டிரைவர் இருக்கையில் கால் நீட்டிப் படுத்திருந்த இளவட்டம் அவருடைய சீருடையைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, லைன ரெகுலேட் பண்ண வந்துகீறியா? கொஞ்சம் நவுத்தி வுடேன், புண்ணியமாப் போவும்” என்றான்.

“டேய், நீ கிளட்ச் இன்னான்னு தெரிஞ்சிக்கறதுக்கு மின்னாடியே இந்த ரோட்டுல முட்டியத் தேச்சவன்டா நானு. எறங்கு. ஒரு பொண்ணு காணோம்.”

அவன் இறங்கிவிட்டான். முகமும் மாறிவிட்டது.

“நீலச் சுடிதாரு, தோள்ல கறுப்புப் பை, கைல ஃபைலு. இந்த நம்பர் வண்டியத் தேடினு போயிருக்கு. பாத்தா அதுங்கம்மா ஐஸ் ஃபேக்டரியாண்ட நிக்கிதுன்னு சொல்லு. பின்னாடி அனுப்பு.”

வரிசையில் செய்தி போகும் முறையை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் கிடங்குக்கு வந்து போகும் வண்டிகள்தான், பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், ஆனால் இது தெரியாது. நாள்கணக்கில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பவர்கள். பின்னால் நிற்பவன் வண்டியை விட்டுப் போனால் முன்னால் நிற்பவன் பார்த்துக்கொள்கிறான், வரிசை நகர்ந்தால் சாவியை வாங்கி நகர்த்தியும் விடுகிறான். போலீஸ் வருகிறதா, வாசலில் வண்டி விடுகிறார்களா, எந்தக் கடையில் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் கைமாறிப் போகிறது. அந்த இளைஞன் பின்வண்டிக் கதவைத் தட்டிச் சொன்னான். அந்த டிரைவர் இறங்கிப் போய் அடுத்த கதவைத் தட்டினார். வளைவு வரைக்கும் கதவுகள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐஸ் ஃபேக்டரிக்கு எதிரே ஒரு டீக்கடை. மணி ஒன்று. செக்யூரிட்டி எனக்கு ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தார். அது ஆறிப்போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூக்கு வழியாக இழுத்து நாலு எண்ணிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. மறுபடி முயன்றேன். மீனும் டீசலும் கலந்த காற்று தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டது. ஒரு வருடமாக எத்தனை பேரைக் கண்ணை மூடவைத்து இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஒருவர்கூட முடியவில்லை என்று சொன்னதில்லை.

ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, “நீங்க தினமும் பச்சைதான வெக்கிறீங்க” என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன்.

“ஆமா.”

“முட்டி வலியில ராத்திரி தூங்கலன்னு சொன்ன அன்னைக்கும் பச்சை இருந்துச்சு.”

“சேப்பு வெச்சா நீ இன்னா பண்ணுவ?”

“டாக்டர்கிட்ட அனுப்புவேன்.”

“அதான் பச்ச” என்று சொல்லிவிட்டு, டீயை ஆற்றிக் குடித்தார்.

அந்தப் பலகை இப்போது என் மேஜைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதற்குப் பதிலாக வேறு நல்ல திட்டம் எதையும் நான் கண்டுபிடித்துவிடவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் டீயை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். சில பேர் நின்று பேசுகிறார்கள், பலர் பேசுவதில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து மாதப் படம் வரவில்லை என்று இரண்டு முறை நினைவூட்டல் வந்தது.

ஒன்று நாற்பது இருக்கும். முதலில் செய்தி அனுப்பிய அந்த இளைஞன் வண்டிப் படியில் ஏறி நின்று கத்தினான். “ஏ நைனா! ஆளு கீதாம்! அந்த நம்பர் வண்டிக்காரனாண்டயே கீதாம். நடந்து வந்துகினு கீறாங்களாம்!”

சாலையைக் கடந்து ஓடினேன். “நல்லா இருக்காளா?”

“கீதுன்னுதான் யக்கா சொன்னாங்க.”

“நல்லா இருக்காளான்னு கேளுப்பா.”

அவன் என்னைப் பார்த்தான். ‘ஆறு கிலோமீட்டருக்கு மறுபடியும் கதவு தட்டச் சொல்கிறாயா’ என்று கேட்கவில்லை. திரும்பி, பின்வண்டிக்காரரிடம், “நல்லா கீதான்னு கேக்குது அதுங்கம்மா, பின்னாடி கேளு” என்றான். கதவுகள் மறுபடி திறந்து மூடின. அந்தக் கேள்விக்குப் பதில் வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் அவர்களே வந்துவிட்டார்கள்.

இரண்டு இருபது. ட்ரெய்லர்களின் நிழல் விழும் ஓரமாக இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், லுங்கி, கழுத்தில் துண்டு, கையில் என் மகளின் ஃபைல். நிழல் விட்டுப்போன இடங்களில் சாலையின் வெள்ளைக் கோட்டின் மேலேயே கால் வைத்துத் தாவித் தாவி வந்தார். அருகே வந்த பிறகுதான் அவர் வெறுங்காலோடு வருவது தெரிந்தது. பின்னால் என் மகள். அவள் காலில் பெரிய ரப்பர் செருப்பு, ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

அவள் அழவில்லை. “அம்மா, பேப்பரக் குடுத்துட்டேன்” என்றாள், ஏதோ கடைக்குப் போய் வந்தவள் மாதிரி. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தேன் என்று மறுநாள் அவள் கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீதான் அம்மாவா யக்கா? நான் வண்டிக்குக் கீழ கஞ்சி வெச்சுகினு இருந்தேன். எதிர்ல கல்லு மேல இது குந்தினு கீது. ரொம்ப நேரமா. தண்ணி வந்து அடிக்கிற கல்லு. செருப்பக் கழட்டி ஓரமா வெச்சு, அதுக்குப் பக்கத்துல ஃபைல வெச்சு, ஃபைலு பறக்காம இருக்க மேல ஒரு கல்லு வேற வெச்சிருக்கு. எனக்கு இன்னாவோ சரியாப் படல. போயி, ‘இன்னா பாப்பா, யாரத் தேடற’ன்னேன். ஒரு வண்டி நம்பர் சொல்லுச்சு. பாத்தா என் நம்பரு.”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் அவள் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டிருக்கிறாள். கண்டுபிடித்த பிறகு, அதற்கு எதிரே போய் அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள்.

“எந்திரிச்சு வரும்போது செருப்பு ஒண்ணு கல்லு இடுக்குல உளுந்துட்சி. வண்டில குந்த வெச்சேன். ‘உங்க பேப்பர மாத்திக் குடுத்தது நான்தான்’னு சொல்லுச்சு. பதினெட்டு வருசமா ஓட்டறேன் யக்கா. எத்தினியோ வாட்டி கேட்டாண்டேர்ந்து திரும்பிக்கீறேன். எவன் தப்புன்னு ஒருத்தனும் வந்து சொன்னதில்ல. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெர்ல. ‘சரி வுடு, கஞ்சியக் குடி’ன்னேன். அர டம்ளர் குடிச்சுது. வூட்டு நம்பர் குடுன்னேன், குடுக்கல. அப்பறம் லைன்ல சேதி வந்துச்சு, அம்மா நிக்கிதுன்னு. அதுக்கப்பறம்தான் எறங்குச்சு.”

நான்கு மாதம் ஆகிறது. மகள் அந்த வேலையை விட்டுவிட்டாள். ஒரு மருத்துவரிடம் வாரம் ஒரு முறை போகிறாள், நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிடுகிறாள், சில நாள் பாடுகிறாள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து வில்லைகளை எடுத்துவிட்டேன். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. மருத்துவரிடம் சொல்லியிருப்பாள் என்று நம்புகிறேன். ஒரு நாள் என்னிடமும் சொல்லக்கூடும்.

ஆனால் அன்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். காசிமேட்டுச் சாலையில், அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே, “கல்லு மேல எதுக்குடி போய்...” என்று ஆரம்பித்தேன்.

டிரைவர் ஃபைலை என் கையில் திணித்தார்.

“யக்கா, நான் கேக்கல. நீயும் இன்னிக்குக் கேக்காத. வூட்டுக்கு இட்டுனு போயி சோறு போடு.” திரும்பி வரிசையைப் பார்த்தார். “சாவிய முன்வண்டிக்காரனாண்ட குடுத்துட்டு வந்துகீறேன். லைன் நவுந்துடும், நான் போவணும்.”

மகள் குனிந்து அவருடைய செருப்பைக் கழற்றப் போனாள்.

“வோணாம் பாப்பா, அது கால்லயே இருக்கட்டும்” என்றார். “ரோடு சுடுது.”